களவெட்டியில் கழித்தல் கணக்கு

ஏறாவூர்
12.3.1936

அன்புள்ள காக்காவுக்குத் தங்கை சித்தி நபீஸா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே வாப்பா, உம்மா, பசு, பூனை எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தம்பி அசனாருக்கு மட்டும் ஒரு காது வீங்கியிருக்கிறது. அதன் காரணத்தைக் கொழும்புக் கடையில் நிற்கும் உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

நம் பள்ளிக்கூடத்துக்கு மட்டக்களப்பு டவுனிலிருந்து மொறிஸ் மாஸ்டர் வந்திருக்கிறார். கணக்கு, பூமிசாஸ்திரம், சுகாதாரம் மூன்றையும் தனித்தனியே படிப்பிப்பது மடமையாம். ஒரே நாடகத்தில் நடித்துக் காட்டினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்களாம். இன்ஸ்பெக்டர் வருகிறார், பிள்ளைகள் கணக்கில் தேறாவிட்டால் ஐந்தாம் வகுப்பை மூடிவிடுவார், அசனார் மாடு மேய்க்கப் போகவேண்டியதுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நேரம் பார்த்து யாரோ எழுதிக் கொடுத்த நாடகத்தை அசனார் கொண்டுபோக, மாஸ்டர் அதையே இன்ஸ்பெக்டருக்கும் ஊராருக்கும் முன்னால் நடிக்கவைத்தார். பள்ளிக்கூடம் நம் வேலிக்கு அப்பால்தானே, கிடுகு ஓட்டையால் முழுவதும் பார்த்தேன். உம்மாவின் நீலச் சேலை வாவியாயிற்று, அது பூமிசாஸ்திரம். பக்கீர் காய்ச்சல் பரப்பும் நுளம்பாக வந்து கடித்தான், அது சுகாதாரம். உண்மையாகவே கடித்ததால் எருமைகளாக நின்ற இருவரும் அழுதுகொண்டு வாவிக்குள் ஓடினார்கள். பிறகு நெல் சூடடிக்கும் களவெட்டி. வயற்சொந்தக்காரப் போடியாராக வந்த அசனார், வாப்பா கொடுத்த நெல்லைப் பத்து மரைக்கால் அளந்தான். "மூன்று மரைக்கால் போனால் மிச்சம் எத்தனை?" என்றார் மாஸ்டர். அசனார் வாயைத் திறந்தான். முன்வாங்கிலிருந்து வாப்பா எழும்பினார்.

"வாயப் பொத்துடா! களவெட்டியில நிண்டு குறையச் சொன்னா விளைச்சல் குறையுமெண்டு தெரியாதா?"

"இது நாடகம், போடியார்."

"நாடகமெண்டாலும் நெல்லு என்ட நெல்லுதானே, மாஸ்டர்!"

இன்ஸ்பெக்டர் தாமே கேட்டார்: "தம்பி, பத்தில் மூன்று போனால்?"

அசனார் அவரைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான். "பொலி!" என்றான். களவெட்டியில் நெல் பெருகக் கூவும் சொல் அதுதானே! வந்திருந்த கமக்காரர் எல்லோரும் "பொலி! பொலி!" என்று கூவினார்கள். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். மூன்று மாதத்தில் மறுபடி வருவாராம். அப்போதும் பிள்ளைகளுக்குக் கழிக்கத் தெரியாவிட்டால் ஐந்தாம் வகுப்பையே கழித்துவிடுவாராம்.

வீட்டுக்கு வந்து வாப்பா அசனாரின் காதைப் பிடித்தார். "இத எழுதினவன் களவெட்டியில காலே வெக்காதவன்! ஆரடா அவன்?" தம்பி காதைக் கொடுத்தான், பெயரைக் கொடுக்கவில்லை.

நாடகப் படிப்பு வீண், காக்கா. நிறுத்தச் சொல்லி நீங்களும் வாப்பாவுக்கு எழுதுங்கள். ஐந்தாம் வகுப்போடு வேலிக்குள் வந்தவள் நான், இதற்குமேல் என்ன அறிவேன்? உங்கள் கடையில் அல்லாஹ் பரக்கத் சொரியட்டும். உம்மா துஆச் சொல்கிறா.

தங்கை
சித்தி நபீஸா

பி.கு.: வாப்பா சொன்னது சரி. எழுதியவள் களவெட்டியில் கால் வைத்ததில்லை. பெண்பிள்ளை மிதித்தால் நெல் பொலியாதென்று என்னை வரம்போடு நிறுத்தியவர் அவர்தானே. ஆகவே அவருக்கு ஒன்றும் எழுதவேண்டாம். எனக்கு இரண்டு கொப்பியும் ஒரு பென்சிலும் அனுப்புங்கள். அடுத்த நாடகம் குசினி அடுப்படியில் நடக்கிறது. பத்து மீன், ஒரு பூனை. அங்கே நாள்தோறும் கழித்தல்தான். வாப்பா அதற்குள் காலே வைத்ததில்லை, ஆகவே குறை சொல்லமாட்டார்.