ஃப்ளெக்ஸ் அண்ணனும் வெட்டுப்பட்ட தாய்மாமனும்

மனிதராகப் பிறந்த யாருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு சிங்கம் நின்றே ஆகவேண்டும் என்று மனமார நம்பிய ஆள், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். அவருக்கு எங்கள் அலுவலகத்தில் என் எதிர் மேஜையைக் கொடுத்திருந்தார்கள். என் தலையெழுத்து.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்திக் கொடுப்பது தொழில். முதலாளி, நான், ஃப்ளெக்ஸ் அண்ணன், ஆக மூன்றே பேர். எந்த வீடியோ எடுத்தாலும் பின்னணியில் ஒரு கண்டக்டர் "தேனி, போடி, தேனி, போடி" என்று கத்திக்கொண்டிருப்பார். பல் ஆஸ்பத்திரி வீடியோவிலும் தேனி, போடிதான். யோகா வகுப்பு வீடியோவிலும் தேனி, போடிதான்.

என் வேலை யோசிப்பது. ஒரு கடைக்கு மாதம் முப்பது பதிவு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் முப்பது கட்டம். மாதம் பிறந்தால் முப்பதும் காலி. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரிக்கும் போய் விஷுவல் கம்யூனிகேஷன் முடித்தவள். இந்தத் தகவலை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது யாரிடமாவது சொல்லாமல் எனக்கு சோறு இறங்காது. "ஆறு மாசத்துல வேலை நிரந்தரம் ஆயிரும்மா" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அதை எங்கள் தெருவுக்குச் சொல்லிவிட்டார். தெரு பக்கத்து ஊருக்குச் சொல்லிவிட்டது. ஆக, எப்பாடுபட்டாவது அது நிரந்தரமாகியே தீரவேண்டிய வேலை.

ஃப்ளெக்ஸ் அண்ணன் இருபது வருடம் ஃப்ளெக்ஸ் பேனர் அடித்தவர். கல்யாணம், காதுகுத்து, வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவர் கைவண்ணம். அனுமதியில்லாமல் பேனர் வைக்கக் கூடாது என்று கெடுபிடி வந்ததும் கடையில் வேலை குறைந்துபோக, எங்கள் முதலாளி அவரை டிசைனராகக் கூட்டி வந்துவிட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் பெயரைக் கேட்டேன்.

"பேரா? ஃப்ளெக்ஸ்னு கேளு தங்கச்சி. ஆரப்பாளையத்துல நாய்கூட வழி காட்டும்."

அவருக்குத் தெரிந்த டிசைன் ஒன்றே ஒன்று. அளவு எப்போதும் எட்டுக்கு நாலு. அதாவது எட்டடி அகலம், நாலடி உயரம். நடுவில் நாயகர், அவருக்குப் பின்னால் சிங்கம். கீழே வரிசையாகச் சொந்தபந்தம், பங்காளி, நண்பர்கள் அத்தனை பேருடைய முகமும் பெயரும். அவர் அகராதியில் டிசைன் என்றால் இதுதான். மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு படம் போடச் சொன்னேன். டாக்டரம்மா கையில் வாள் கொடுத்து அனுப்பினார். பின்னால் சிங்கம், வாயைத் திறந்தபடி.

"எதுக்குண்ணே சிங்கம்?"

"பல்லு எம்புட்டு சுத்தமா இருக்குன்னு பாரு."

வண்டியூரில் ஒரு கேக் கடை. முட்டை சேர்க்காத கேக் அறிமுகம். கேக்கை நடுவில் வைத்து "வருக! வருக!" என்று எழுதி, கீழே வரிசையாகப் பதினெட்டு முகம். உரிமையாளர், அவர் மாமனார், மச்சினர்கள், கேக் கட்டும் அக்கா, அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர்.

"அடுப்பு ரிப்பேர்காரர் எதுக்குண்ணே?"

"அந்த ஆளு இல்லாம கேக்கு வெந்துருமா? தன் மூஞ்சி இருக்குன்னாத்தான் மனுசன் நின்னு பாப்பான் தங்கச்சி. கேக்கையா பாப்பான்?"

"கேக் கடைக்கு வர்றவங்க கேக்கைத்தாண்ணே பாப்பாங்க! நான் இதைப் படிச்சிருக்கேன்."

"படிச்சவுக நீங்க. நான் நின்னு பாத்தவன்."

"ஒரே ஒரு தடவை புதுசா யோசிங்கண்ணே" என்று கெஞ்சினேன். ஒரு பகல் முழுக்க உதட்டைக் கடித்தபடி யோசித்துவிட்டு, சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"நேத்து சிங்கம் இடது பக்கம் பாத்துச்சு. இன்னைக்கு வலது பக்கம் பாக்குது."

நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அந்த வருடம் நான் குடித்த தண்ணீருக்கு வைகையே போதாது.

எங்களுக்கு இருந்த வாடிக்கையாளர்களில் பெரியவர் ஒரு பாத்திரக்கடைக்காரர். சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பேர்போன கடை. பாத்திரக்கடைப் பக்கத்துக்கு யோசிப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இட்லிச் சட்டியை மேலேயிருந்து எடுத்தேன். பக்கவாட்டில் எடுத்தேன். ஆவியோடு எடுத்தேன். குக்கருக்குப் பிறந்தநாள் கொண்டாடினேன். 'உங்களுக்குப் பிடித்த கரண்டி எது?' என்று வாக்கெடுப்பு வைத்தேன். இரண்டு பேர் வாக்களித்தார்கள். அதில் ஒரு வாக்கு என்னுடையது.

ஐந்தாவது மாத முடிவில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கடைக்காரர் அடுத்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்னு சொல்றாரும்மா. பக்கத்தை ஒருத்தரும் பாக்கறதில்லையாம். அவரும் போயிட்டா மூணு பேரை வச்சு ஓட்ட முடியாது. கடைசியா வந்தது நீதான். நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். எனக்குத் தெரு கண்ணில் வந்து நின்றது.

மறுநாள் அந்தப் பாத்திரக்கடையில் புதிய ஹாட்பாக்ஸைப் படமெடுக்க வேண்டும். எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை இருந்ததால் ஃப்ளெக்ஸ் அண்ணனை அனுப்பினேன். படியிறங்கும்போது மூன்று முறை சொன்னேன்: "ஹாட்பாக்ஸ் மட்டும். சிங்கம் கூடாது. எனக்கு அனுப்பாம எதையும் ஏத்தாதீங்க."

"சரி தங்கச்சி. போயிட்டு வாரேன்."

அண்ணன் அங்கே போனால், பெயர் வெட்டும் மேஜையைச் சுற்றி ஒரு குடும்பம் நின்றிருக்கிறது. சீர்ப் பாத்திரம் எடுத்தால் கொடுக்கிறவர் பெயரை அதில் வெட்டித் தருவார்கள் அல்லவா, அந்த மேஜை. அழகர்கோவிலில் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் அண்டா, குடம், தாம்பாளம் எல்லாம் எடுத்துத் தன் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தைக் கண்டதும் அண்ணனுக்கு ஹாட்பாக்ஸ் மறந்துவிட்டது. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்து, எட்டுக்கு நாலில் டிசைன் போட்டு, என்னைக் கேட்காமல் ஏற்றியும்விட்டார்.

இன்ஸ்டாகிராமுக்கு எட்டுக்கு நாலு தெரியாது. வழக்கமாக நான்தான் அளவை மாற்றி ஏற்றுவேன். அது இரண்டு ஓரத்தையும் கத்தரித்துவிட்டது. இடது ஓரத்தில் கடையின் பெயர் இருந்தது, போயிற்று. வலது ஓரத்தில் தாய்மாமன் இருந்தார். அவரும் போனார். பிள்ளையின் அப்பா தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. மோதிரம் போட்ட, மணிக்கட்டோடு முடிகிற, சொந்தக்காரர் இல்லாத ஒரு கை. கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "சீர் கொடுக்கும் சிங்கத்துக்கு வாழ்த்துகள்."

அடுத்த நாள் காலை பாத்திரக்கடையிலிருந்து போன் வந்தது. நானும் அண்ணனும் ஓடினோம். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குட்டியானை வண்டியில் ஒன்பது பேர் வந்து இறங்கியிருந்தார்கள். நடுவில் வெள்ளை வேட்டியில் தாய்மாமன். கடைக்காரர் போனில் தன் மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டிருந்தார். கோபம் தலைக்கேறினால் அவர் வீட்டுப் பேச்சுக்கு மாறிவிடுவார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் என் வேலை போகிறது என்பது புரிந்தது.

"நீதான் படிச்ச பிள்ளையாத்தா?" என்றார் தாய்மாமன், போனை என் முகத்துக்கு நேரே நீட்டி. "அண்டா என்னுது. குடம் என்னுது. அதுல வெட்டுன பேரு என்னுது. மச்சானைப் போட்டிருக்கீக. மச்சானுக்குப் பங்காளியைப் போட்டிருக்கீக. என் மூஞ்சி எங்கத்தா?"

"கை இருக்குங்க..." என்றேன். இன்றுவரை அதை ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆமா, கை இருக்கு! ஊரு பூராம் கேக்கறாய்ங்க, 'என்ன மாப்ள, உன்னைய வெட்டிட்டாய்ங்களாமே'ன்னு. திங்கக்கிழமை காதுகுத்துக்கு நான் வரல. அந்தக் கையை மட்டும் அனுப்பி வைக்கிறேன். அது மடியில பிள்ளையை உக்கார வச்சுக் குத்திக்கங்க!"

பிள்ளையின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காதுகுத்துவது? நான் மன்னிப்புக் கேட்டேன். கத்தரிப்பது இன்ஸ்டாகிராம்தான் என்று விளக்கினேன். "அவன் எந்த ஊருக்காரன்?" என்று கேட்டார் ஒருவர்.

அப்போது ஃப்ளெக்ஸ் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தாய்மாமனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாமா, மடிச்சுக் கட்டுன வேட்டியை இறக்கி விடுங்க. அந்த அண்டாவைத் தூக்குங்க. பேரு வெட்டுனது இங்கிட்டுப் பாக்கணும். அம்புட்டுத்தான்."

"எதுக்கு?"

"கூட்டத்துல நிக்க வேண்டிய ஆளா நீங்க? தனியா நிக்க வேண்டிய ஆளு."

தாய்மாமன் வேட்டியை இறக்கினார்.

அண்ணன் கடை வாசலிலேயே கணினியைத் திறந்தார். "அண்ணே, சிங்கம் மட்டும் வேண்டாம்" என்று காதோரம் சொன்னேன். அது தாய்மாமன் காதிலும் விழுந்துவிட்டது.

"ஏன் வேண்டாம்?"

ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். சிங்கம் வந்தது.

எழுத வேண்டியதை நான் எழுதினேன்: "நேற்றைய படத்தில் விட்டுப்போனவர் இவர்தான். தப்பு எங்களுடையது. அண்டா இவருடையது." வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் படத்தைச் சதுரமாக அடித்தார். அடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வராத குறை.

சாயங்காலத்துக்குள் அலங்காநல்லூர்ப் பக்கம் அந்தப் படம் பார்க்காத போன் இல்லை. ஒன்பது பேரும் பகிர்ந்தார்கள், அவர்களுடைய பங்காளிகள் பகிர்ந்தார்கள், எதிர்ப் பங்காளிகள் கேலி செய்து பகிர்ந்தார்கள். மறுநாள் ஒரு அக்கா கடைக்கு வந்து, "எங்க கல்யாண போட்டோவுல எங்க பெரியப்பாவ விட்டுட்டாய்ங்க. அவரு குடுத்த குடம் இருக்கு. போடுவீகளா?" என்று கேட்டார். அடுத்த நாள் இரண்டு பேர். அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் 'விட்டுப்போனவர்' என்று ஒரு பதிவு. குடும்பப் படத்தில் இல்லாமல் போன ஒருவர், அவர் கொடுத்த பாத்திரம், அதில் அவர் பெயர். வெள்ளைப் பலகையில் கட்டம் போதவில்லை. அந்தத் திங்கட்கிழமை அழகர்கோவிலில் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுத அழுகையையும் போட்டோம்.

கடைக்காரர் நிறுத்தவில்லை. எங்கள் அலுவலகத்துக்கே வந்து, "இந்த யோசனை யாருது?" என்று தமிழில் கேட்டார்.

"நம்ம பொண்ணோடதுதான்" என்றார் முதலாளி. "படிச்ச பொண்ணு."

நான் எதிர் மேஜையைப் பார்த்தேன். "ஆமா மொதலாளி, தங்கச்சி யோசனைதான்" என்றார் ஃப்ளெக்ஸ் அண்ணன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது. அம்மா தெருவுக்கு லட்டு கொடுத்தார்.

சில மாதம் கழித்து எனக்குப் பட்டமளிப்பு விழா. "எங்க ஊருல ஃப்ளெக்ஸ் கிளெக்ஸ்னு வச்சீங்க, பேச மாட்டேன்" என்று அண்ணனிடம் முன்கூட்டியே எச்சரித்திருந்தேன். கறுப்பு அங்கியும் கையில் சுருளுமாக ஊர்ப் பேருந்திலிருந்து இறங்கினால், எங்கள் வீட்டு வாசலை மறைத்துக்கொண்டு எட்டுக்கு நாலு. நடுவில் நான். பின்னால் பார்த்தேன். புலி.

"உனக்குத்தான் சிங்கம் பிடிக்காதுல்ல" என்றார் ஃப்ளெக்ஸ் அண்ணன், வேப்பமரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டியபடி.

பற்களைக் கடித்துக்கொண்டு கீழ் வரிசையைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டத் தெரியாத எங்கள் அப்பா, தன் முகத்தின் மேல் விரலை வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா, தம்பி, சித்தப்பாக்கள், அத்தைமார், எங்களோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லாத பெரியப்பாகூட இருந்தார். ஃப்ளெக்ஸ் அண்ணன் என் தம்பிக்குப் போன் போட்டுப் போட்டுப் பட்டியல் வாங்கியிருக்கிறார். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. இரண்டு தடவை தேடியும் ஒரே ஒரு முகம் மட்டும் கிடைக்கவில்லை.

"உங்க படம் எங்கண்ணே?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் தங்கச்சி. அடிக்கிறவன் மூஞ்சியை யாரு போடுவா?"

இருபது வருடம். எத்தனை ஆயிரம் முகம்.

அந்தச் சனிக்கிழமை பாத்திரக்கடைப் பக்கத்தில் நான் ஒரு படம் போட்டேன். அண்ணன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் தெரியாமல் எடுத்தது. பின்னால் என் கையாலேயே சிங்கம் வைத்தேன், வலது பக்கம் பார்க்கிற சிங்கம். கீழே எழுதினேன்: "விட்டுப்போனவர் என்ற யோசனை இவருடையது. இத்தனை நாள் சொல்லாதது என் தப்பு."

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அதை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "எட்டுக்கு நாலுல அடிச்சிருக்கலாம்ல?"

இப்போது அவர் மேலூரில் மச்சினரோடு சேர்ந்து சொந்தக் கடை போட்டுவிட்டார். என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் சொன்ன அளவில் டிசைன் போடுகிறார், சொன்னதை மட்டும் போடுகிறார், எதிர்த்துப் பேசுவதில்லை. அலுவலகத்தில் தேனி, போடி மட்டும்தான் கேட்கிறது.

பாத்திரக்கடைப் பக்கத்தைத் திறந்தால், புதுப் பதிவுகளுக்கெல்லாம் மேலே அந்தச் சிங்கப் படம்தான் நிற்கும். அங்கே அதை 'பின்' குத்தி வைத்தது நான். பாத்திரமே இல்லாத படம் எதற்கு என்று முதலாளி மூன்று முறை அதை நீக்கச் சொல்லிவிட்டார். எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.