அழுத பலகையும் ஒரு பாக்கெட் நீலமும்

ஒரு பலகை அழுகிறதாம். அதைப் பார்க்கத் தெருமுனை வரை வரிசை.

சும்மா பலகை இல்லை. நூறு வருடத்துக்கு முன் மூழ்கி, இன்றும் ஊரெல்லாம் கதை பேசுகிற அந்தப் பெரிய கப்பலின் பலகை. செத்தவர்களை நினைத்துத் தினமும் பத்து மணிக்கு அழ ஆரம்பிக்கும். ஒரு மணிக்கு நிறுத்திவிடும். துக்கத்துக்கும் சாப்பாட்டு இடைவேளை உண்டு போலிருக்கிறது. அந்த உப்புக் கண்ணீரைக் குப்பியில் வாங்கிக் கண்ணில் விட்டால் எந்தக் கோளாறும் பறந்துவிடுமாம்.

கடலடியிலிருந்து பலகையை எடுத்து வந்தவர் 'கேப்டன்'. தெருவில் தண்ணீர் தேங்கினால் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சுற்றிப் போகிறவர். கப்பல் ஏன் மூழ்கியது என்றால் திங்களன்று சாபம் என்பார், செவ்வாயன்று பொல்லாத வைரம் என்பார். ஒருத்தரும் குறுக்கே கேட்டதில்லை.

லாண்டரிக்காரிக்கு மட்டும் நிம்மதி போயிற்று. அவள் வீட்டுக்காரர் தையல்காரர். கண்ணில் புரை. வியாழக்கிழமை ஆபரேஷன். இதற்கு மேல் தள்ளினால் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் அவர். "மூணு குப்பி விட்டாச்சு. கண்ணு குளுகுளுன்னு இருக்கு."

"செக்கச்செவேல்னு இருக்குங்க. நேத்து என் ஜாக்கெட்டுக்கு ரெண்டும் இடது கையா வச்சுத் தைச்சிருக்கீங்க."

"அது புது மாடல்."

அவளுக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. அவள் லாண்டரிக் கடைக்குப் பின்னால் உள்ள ஷெட்டுக்குக் கேப்டன் பலகையோடு குடிவந்ததிலிருந்து, மாடித் தொட்டியில் மதியத்துக்குள் தண்ணீர் குறைகிறது. அந்தத் தொட்டி கடைக்கும் ஷெட்டுக்கும் மட்டும். கேப்டன் குளிக்கிறார் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தில் ஒரு பாக்கெட்டைத் தொட்டியில் கொட்டினாள். யாரும் கண்ணில் விட்டுவிடக் கூடாதே என்று வீட்டுக்காரரோடு வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

பத்து மணி. பலகை நீலமாக அழுதது.

கேப்டன் அசரவில்லை. "ஆழ்கடல் நீலம். இத்தனை நாள் சும்மா அழுதுச்சு. இன்னிக்குத்தான் அடிமனசிலேர்ந்து அழுவுது."

கூட்டம் உருகிப்போய்க் குப்பியை நீட்டியது.

"யாரும் வாங்காதீங்க, கொஞ்சம் இருங்க," என்றாள் லாண்டரிக்காரி. "கேப்டன், நான் மாடிக்குப் போய் ஷெட்டுக்கு வர்ற வால்வை மூடுறேன். ஆழ்கடலுக்கும் எங்க தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? அது பாட்டுக்கு அழட்டும்."

"வால்வா? அதெல்லாம் பலகைக்குப் பிடிக்காதும்மா."

அவள் ஏறிவிட்டாள்.

"நின்னுடுச்சா?" என்று மேலிருந்து குரல்.

"நின்னுடுச்சு," என்றார் தையல்காரர், மெதுவாக.

"இப்ப?"

"வருது."

"இப்ப?"

இந்தத் தடவை கூட்டமே பதில் சொன்னது. வரிசையில் நின்ற பால்காரர் பலகையைப் புரட்டினார். பின்னால் மெல்லிய ரப்பர் குழாய். அதன் வாயில் ஓர் உப்பு மூட்டை, அதுவும் நைந்த கைக்குட்டையில். கேப்டனைக் காணோம்.

"அப்ப கப்பலோட ஆணின்னு எனக்குக் குடுத்தாரே, அதாவது நிஜம்தானே?" என்றார் பால்காரர்.

தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஆபரேஷன்... நான் வேணாம்னு சொல்லிட்டேனே."

"நான் போன் பண்ணி வேணும்னு சொல்லிட்டேன். எட்டு மணிக்குக் கிளம்பணும்."

கண்ணில் விழுந்த புரையை எடுக்க டாக்டர் இருக்கிறார். புத்தியில் விழுந்ததை அவரவரேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டாம். ஒரு கேள்வி போதும்.