பால் சுறாவும் என் பாதி அறிவும்

சுறாவைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். உயிரோடு ஒரு சுறாவைக்கூட நான் பார்த்ததில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாப்பாட்டு வேளையில் போனில் சுறா வீடியோக்களாகப் பார்ப்பேன். பிறகு கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வேன் (கேட்காதவர்கள்தான் அதிகம்).

எங்கள் மகள் பிறந்து ஐந்தாம் நாள். மனைவி ஸ்டெல்லா டுரியான் துங்காலில் அம்மா வீட்டில் இருந்தாள். நானும் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். ஸ்டெல்லாவுக்குப் பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகம் சிவக்க அழும். அதைப் பார்த்து ஸ்டெல்லாவும் அழுவாள். "விடாம கொடுத்துக்கிட்டே இருங்க, வந்துடும்" என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஏதாவது செய்யத் துடித்தேன், ஆனால் அந்த விஷயத்தில் அப்பன்காரன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

மாமியார் மட்டும் கலங்கவில்லை.

"தம்பி, அலோர் காஜா பாசாருக்குப் போயி பால் சுறா வாங்கிட்டு வாங்க. புட்டு செஞ்சு கொடுத்தா பால் தானா ஊறும். எங்கயும் நிக்காம நேரா வந்துடணும்லா."

வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

"அத்தை, அதெல்லாம் கட்டுக்கதை. சுறா குட்டி போடும், ஆனா பால் கொடுக்காது. அது மீனு."

"நான் என்ன சுறாவ கறந்துக்கிட்டு வரவா சொன்னேன்? வாங்கிட்டு வாங்க."

பாசாரில் (எங்கள் ஊர்ச் சந்தைதான்) மீன்காரர் அன்று காலை வந்த சின்னச் சுறா ஒன்றைச் சுத்தம் செய்து, துண்டு போட்டு, பையில் கட்டிக் கொடுத்தார். நல்ல மீன். "ஐஸ் போட்டுத் தரவா தம்பி? சுறா சீக்கிரம் வாடை எடுத்துடும்" என்றும் சொன்னார். "வேணாண்ணே, காடியிலதான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைக் காரின் பின்பக்கத்தில் வைத்தேன். அப்போது மணி ஒன்பது.

பாசாருக்கு எதிரே ஒட்டுக்கடையில் என்னோடு வேலை செய்யும் குமார் உட்கார்ந்திருந்தான். நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரே டீ குடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நானும் உட்கார்ந்தேன். "என்னடா வாங்குன?" என்று அவன் கேட்டான். பாவம், வேறு எதையாவது கேட்டிருக்கலாம்.

சுறா டைனோசருக்கும் முந்தியது, ஏன், மரங்களுக்கே முந்தியது என்று ஆரம்பித்தேன். "பொய் சொல்லாதலா" என்றான். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. அதனால்தான் மெகலோடோன் என்ற அந்தக் காலத்து ராட்சதச் சுறாவில் நமக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பல்தான். பல்லை வைத்துத்தான் உடம்பின் நீளத்தையே கணக்குப் போடுகிறார்கள் என்று விளக்கினேன்.

"அது இன்னும் ஆழ்கடல்ல ஒளிஞ்சிருக்காமே? போன்ல பாத்தேன்."

"மண்ணாங்கட்டி. மனுசன் வர்றதுக்கு முன்னாலயே அது பூண்டோட போயிடுச்சு. சுறா ஆளத் தேடி வந்து திங்கும்னு சொல்றதும் சும்மா. முக்காவாசிச் சுறா மனுசனக் கண்டா ஒதுங்கிப் போயிடும். நம்மளாலதான் அதுக்கு ஆபத்து!"

மேசையைத் தட்டிக்கூடச் சொன்னேன். நான் எழுந்தபோது பதினொன்றரை. கார் அதுவரை வெயிலில்தான் நின்றது.

வீட்டில் மாமியார் பையைப் பிரித்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "தம்பி, மூத்திர வாடை அடிக்குது. தூக்கிப் போட்டுடுங்க."

தவறை ஒப்புக்கொண்டு மறுபடியும் பாசாருக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"அது இயற்கை வாடை, அத்தை. சுறா உப்புத் தண்ணியில வாழணும்னு உடம்புல யூரியாவச் சேத்து வச்சிருக்கும். இது விஞ்ஞானம்."

"விஞ்ஞானமோ என்னமோ, பச்ச உடம்புக்காரிக்கு இத ஒரு வாய் கொடுக்க மாட்டேன்."

அறைக்குள்ளிருந்து ஸ்டெல்லா, "ஏங்க, விட்டுடுங்களேன்" என்றாள். பிள்ளை அழத் தொடங்கியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "செஞ்சு கொடுங்க, நானே சாப்பிட்டுக் காட்டுறேன்" என்றேன்.

"வேணாம்லா தம்பி, வயித்துக்கு ஆகாது" என்று மாமியார் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. மீனை அவித்து, உதிர்த்து, மஞ்சளும் இஞ்சியும் பூண்டும் அள்ளிப் போட்டுப் புட்டு செய்து வைத்தார். முதல் தட்டைக் கண் கலங்கச் சாப்பிட்டேன். கலங்கியதை அவர் பார்த்துவிட்டாரோ என்ற சந்தேகத்தில் இரண்டாம் தட்டும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆரம்பித்தது. எது என்று விவரிக்கத் தேவையில்லை. ஆறு மணிக்கு கிளினிக்கில் கையில் ஊசியோடு படுத்திருந்தேன். அந்த நிலையிலும் டாக்டரிடம் யூரியாவைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதுப் பெண், தமிழ்ப்பெண்தான். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதாண்ணே, பாதி. செத்த மீனு வெயில்ல கெடந்தா அந்த யூரியா அம்மோனியாவா மாறிடும். அந்த வாடை தூக்குச்சுன்னா மீனு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். வீடியோவ முழுசா பாக்கணும்."

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பத்தியம். அறையில் ஸ்டெல்லா, கூடத்தில் (கழிவறைக்குப் பக்கமாக) நான். மாமியார் ஒரே அடுப்பில் அவளுக்கு ஒரு கஞ்சியும் எனக்கு ஒரு கஞ்சியும் வைத்தார். பார்க்க வந்தவர்கள் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு என்னிடம் வந்து, "உங்களுக்கு என்ன கொழந்த?" என்று கேட்டார்கள். நான் எழுந்து ஓடும்போதெல்லாம் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். "அம்மா, தையல் பிரிஞ்சிடும்போல இருக்கும்மா!" என்று ஸ்டெல்லா கெஞ்சுவாள். ஐந்து நாளாக அழுதுகொண்டிருந்தவள் சிரிக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் பால் நன்றாகவே வந்துவிட்டது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது. நர்ஸ் சொன்னபடிதான் நடந்தது, விடாமல் கொடுத்ததால் வந்தது என்று மாமியாரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பால் சுறா வேலை செய்துவிட்டதாம். யார் தின்றால் என்ன, வீட்டுக்குள் ஒருவர் தின்றால் போதுமாம். இதைக் கட்டுக்கதை என்று நிரூபிக்க ஏழு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஸ்டெல்லாவின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. நான்காம் நாள், நான் வேலையில் இருக்கும்போது அவளிடமிருந்து போன்.

"மாமா, எனக்கு இன்னும் பால் சரியா வரல. அம்மா கேக்கச் சொன்னாங்க... இப்ப உங்க வயிறு எப்படி இருக்கு?"