ஒரு கோடியே ஒன்று

கணக்குப் படித்தவன் பெண் பார்க்கப் போன வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

கடலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பகா எண்களில் ஆராய்ச்சி வேறு. (கர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்!) சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் வீட்டுக்கு அத்தா, அம்மாவோடு போனேன். கூடத்தில் அவர்கள் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர். பெண் நஸ்ரின் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி என்னா ஆராய்ச்சி பண்றீங்க?" என்றார் பெண்ணின் அத்தா.

"பகா எண்ணு மாமா." (சம்மதம் கிடைக்குமுன்பே மாமா!) "ஒன்னாலயும் அந்த நம்பராலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது."

"பெருசா ஒன்னு சொல்லுங்களேன், கேப்போம்."

உண்மையான பகா எண்கள் எத்தனையோ தெரியும். ஆனால் எனக்குப் பிரமாண்டம் தேவைப்பட்டது. "ஒரு கோடியே ஒன்னு!" என்றேன். (இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு வரை மனசுக்குள் வகுத்துப் பார்த்திருந்தேன். அதற்கு மேல் யார் போகப் போகிறார்கள்?) கூடமே வாயைப் பிளந்தது.

"பதினொன்னால போவுமே" என்றாள் நஸ்ரின்.

அவள் அம்மா அவள் தொடையில் கிள்ளியது எனக்கே தெரிந்தது.

"போவாதுங்க" என்று பெருந்தன்மையாகச் சிரித்தபடி, ஒரு காலண்டர் தாளை வாங்கி வகுத்தேன். மீதி வரவில்லை. எனக்கு வியர்த்தது. விடை 9991.

அவள் எட்டிப் பார்த்தாள். "நடுவுல ரெண்டு சைபர விட்டுட்டீங்க. 909091."

என் அத்தா வாசலில் கிடந்த தன் செருப்பை ஏக்கத்தோடு பார்த்தார். சமாளிக்க நாலு வழி தோன்றியது. நாலுமே பொய்.

"நான் சொன்னது தப்புங்க" என்றேன். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"ஒன்னு விட்டு ஒன்னு கூட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒன்னுதான் வருது. அப்ப பதினொன்னால போவும்."

பள்ளிக்கூடப் பாடம்! திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரை அத்தா விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு, "கூட்டலாச்சும் தெரியுமாடா ஒனக்கு?" என்றார்.

இரண்டு நாள் கழித்து பெண்ணின் அத்தாவிடமிருந்து போன் வந்தது. "பொண்ணுக்குப் புடிச்சிருக்கு மாப்ள!"

கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன். "முன்னாடி பாத்துட்டுப் போனவரு பேச்சுல ஒரு தப்ப சொன்னேன். பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்னாரு. நீங்க 'எப்படிக் கண்டுபுடிச்சீங்க'ன்னு கேட்டீங்க" என்றாள். என் வாழ்க்கையில் இவ்வளவு லாபகரமான தப்பை நான் செய்ததில்லை. இன்றும் வகுப்பில் அந்த எண்ணைப் போடும்போது உள்ளுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன்.

சிதம்பரம் சொந்தத்தில் அன்றிலிருந்து என் பெயர் 'கோடி மச்சான்'. காரணம் தெரியாத புதுச் சொந்தங்கள் எழுந்து நின்று வழிவிடுவார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் புது மாப்பிள்ளை ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிரியாணியில் பெரிய கறித்துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்த நாட்டுல பிசினஸ் மச்சான்?"

முதலில் சாப்பிட்டு முடித்தேன். பிறகுதான் சொன்னேன்.