கேமராவுக்குச் சந்தனம் வைத்தது யார்?

அன்புள்ள மச்சான் வாசுவுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து உன் அக்காள் புருஷன் நாகையா எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காள் புஷ்பவல்லியும் சுகம். கேஸ் இல்லாத வக்கீலுக்கு நோய்நொடி ஏது, பெட்டாலிங் ஜெயாவில் நீயும் சுகமாகவே இருப்பாய். உனக்கு ஒரு கேஸ் பிடித்துவிட்டேன்! அதுவும் அரசியலமைப்புக் கேஸ்!

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட், படிக்கட்டு, குப்பைத்தொட்டி என்று மூலைக்கு மூலை கேமரா மாட்டியிருக்கிறார்கள் அல்லவா, ஆயுத பூசைக்கு மறுநாள் பார்த்தால் எங்கள் மாடிக் கேமராக்களுக்கெல்லாம் யாரோ சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். பக்தி முற்றிக் கண்ணாடி மேலேயே வைத்ததால் ஒன்றுக்கும் கண் தெரியவில்லை. உடனே நிர்வாகக் குழுத் தலைவர் கிருபானந்தன் கதவைச் சாத்திக்கொண்டு இரகசிய விசாரணை நடத்தி, குற்றவாளி நான்தான் என்று முடிவுகட்டி, என் கேட் கார்டை முடக்கிவிட்டார். சொந்த வீட்டுக்குள் போகக் காவலாளியிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். சனிக்கிழமை கார் நிறுத்தும் இடத்தையும் பிடுங்கப் போகிறார்களாம். "என்னாங்க ஆதாரம்?" என்று கேட்டால், "ரெக்கார்டிங் இருக்கு அங்கிள். காட்ட முடியாது லா, செக்யூரிட்டி மேட்டர்" என்கிறார். "அப்பீல் யார்கிட்ட பண்றது?" என்றால், "என்கிட்டதான்." புகார் கொடுத்தவர் அவர், கேமரா பார்ப்பவர் அவர், தீர்ப்புச் சொன்னவர் அவர், அப்பீல் கேட்பவரும் அவரே! எல்லா அதிகாரமும் ஓர் ஆள் கையில் இருந்தால் தட்டிக் கேட்பது யார்? எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருக்கிறது. ரிட்டையர் ஆன பிறகு இப்படி ஒரு சண்டை வாய்க்கவே இல்லை. உன் அக்காள்தான், "எதுக்குங்க இதெல்லாம், ஒரு சாரி சொல்லிட்டு வந்துடுங்க" என்கிறாள். அவளுக்கு ஜனநாயகம் எங்கே புரியப்போகிறது? நீ சனிக்கிழமை கறுப்புக் கோட்டோடு வந்துவிடு. அந்த ரெக்கார்டிங்கை ஊரே பார்க்கப் போட்டுக் காட்ட வைப்போம்.

நம் சாமி உன்னையும் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

உரிமைக்குப் போராடும்,
நாகையா

பின்குறிப்பு: நான் போட்ட கூச்சலில் ரெக்கார்டிங்கை எனக்கு மட்டும் காட்டிவிட்டார்கள். ஸ்டூல் மேல் ஏறிக் கேமராவைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடி நடுவில் பொட்டு வைப்பது உன் அக்காள். பிறகு ஒரே இருட்டு. "ஆன்டி பேரு கெடக்கூடாதுன்னுதான் லா உங்க பேர்ல போட்டேன்" என்றார் கிருபானந்தன். என் பேரிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, ரெக்கார்டிங்கை யாருக்கும் காட்டக் கூடாது என்று நானே கெஞ்சிவிட்டு வந்தேன். இரகசிய விசாரணையில் எவ்வளவு நன்மை இருக்கிறது தெரியுமா, மச்சான்! நீ வரவேண்டாம். இந்தக் கடிதத்தையும் படித்ததும் கிழித்துவிடு.