சேலையூர் ஏரியில் மூழ்க மறுத்த பூச்சி

வாழ்க எட்மண்ட்! கேம்ப் ரோட்டுக் கோமான், காப்பீட்டு அலுவலகக் கோப்புகளைக் கலங்கடித்த கூர்விழியான், மண்புழுவைத் தொட அருவருக்கும் மென்விரலான், ஆங்கிலப் பத்திரிகையில் படம் பார்த்தே மீன்பிடிக் கலை கற்ற மாமேதை வாழ்க! எண்பத்தொன்பதாம் ஆண்டு, மழை ஓய்ந்ததொரு டிசம்பர் ஞாயிறன்று, பூசை முடிந்த கையோடு, "கடையில மீன் வாங்காதே, மசாலாவை மட்டும் அரைச்சு வை" என்று மனைவி செல்வமேரிக்கு ஆணையிட்டு, விருந்துக்கு வந்திருந்த மாமனார் சவுரிமுத்துவையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு அவன் சேலையூர் ஏரிக்கரை ஏறினான். பெண் கொடுத்த நாள்முதல் அவனை எதற்கும் லாயக்கற்றவன் என்றே எண்ணிவந்தவர் அவர். இன்று ஒரு மீனாவது மாட்ட வேண்டும், இல்லையேல் மானம் போச்சு.

தூண்டில்முள்ளை வயிற்றில் ஒளித்து, சேவலிறகைப் போர்த்தி, மண்புழுவுக்குப் பதிலாக அவன் கட்டியிருந்த பொய்ப்பூச்சி விண்ணிற் சுழன்று, நீர்மேல் விழுந்து, அங்கேயே மிதந்தது. ஆழத்தில் அரசோச்சிய ஜிலேபிக் கெண்டைகள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

எட்மண்ட் தலையைத் தடவி யோசித்தான். அடக் கொடுமையே, அதுதான் வினை! தலை நிறையத் தேங்காய் எண்ணெய். அந்த எண்ணெய் விரலால் பூச்சியை நீவ நீவ, இறகு நீரை ஒட்டவிடாமல் இன்னும் ஒய்யாரமாக மிதந்தது. கனம் போதவில்லை என்று முடிவுகட்டிய வீரன், பையிலிருந்த கம்பளி நூலைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான். கனம் கூடியது மெய்தான். கூடவே பூச்சியின் உடம்பும் பருத்து, உள்ளே காற்றும் குடியேறியது. தண்ணீர் தராசை மட்டுமா பார்க்கும்? எவ்வளவு இடத்துக்குள் எவ்வளவு கனம் என்றல்லவா கேட்கும்! முழுத் தேங்காய் மிதக்கிறது, குண்டூசி மூழ்குகிறது. இதை மறந்த நம் நாயகன், எலுமிச்சை அளவுப் பூச்சியைக் கொண்டு ஏரியில் தெப்பத் திருவிழா நடத்தினான்.

"இன்னா மாப்ள, பூச்சி நீச்சல் கத்துகினு கீதா?" என்றார் சவுரிமுத்து.

அச்சொல் வேலெனப் பாய, கண்கள் சிவக்க, கம்பளியைப் பிய்த்தெறிந்து, எண்ணெய் இறகை ஈரமண்ணில் தேய்த்து, கரையில் நிறுத்தியிருந்த தன் சைக்கிள் டைனமோவின் செப்புக் கம்பியையே பிடுங்கி, பூச்சியின் இடுப்பில் இறுக்கிச் சுற்றி வீசினான் எட்மண்ட். இப்போது அது சிறிய உடம்பு, பெரிய கனம். பூச்சி மூழ்கியது!

"முங்கிடுச்சு மாமா!" என்ற வெற்றி முழக்கத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன. பாதாளம் புகுந்த பூச்சி எதையோ பற்றியது. நூல் விறைத்தது, மூங்கில் கோல் வில்லாய் வளைந்தது, மாமனாரே மலைத்து எழுந்து நின்றார். ஏழேழு உலகும் அதிர எட்மண்ட் இழுத்த இழுப்பில், அடியில் கிடந்த வேலிகாத்தான் கிளை அசைந்துகூடக் கொடுக்காமல் பூச்சியைத் தானே வைத்துக்கொள்ள, நூல் அறுந்து அவன் மல்லாந்து விழுந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமனார் முட்டை வாங்கினார்.