கறுப்புத் துணி மட்டும் ஸ்டாக் இல்லை

பாசமுள்ள மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிய பிறகும் சிரிக்க மறக்காத அத்தான் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் தினம் சண்டை போடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். உன் வீட்டிலும் அதே அளவு சுகம் இருக்கட்டும்.

நிற்க. உன் பொண்ணு கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கை கொடுத்து உள்ளே அனுப்பும் வேலையை எனக்குத் தந்திருக்கிறாய். பெரிய மரியாதைதான். ஆனால் நான் வருவதாக இல்லை. காரணத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுமையாகப் படி.

என் சொரியாசிஸ் சமாசாரம் உனக்குத் தெரியும். கையெல்லாம் தோல் தடித்து, வெள்ளை வெள்ளையாக உதிரும். யாருக்கும் ஒட்டாது, என்னை மட்டும் விடாது. தோல் டாக்டர் களிம்பு எழுதிய கையோடு, "இதை நினைச்சே சுருங்கிப் போயிருக்கீங்க, மனசு டாக்டரையும் பாருங்க"ன்னார். "அரிக்கிறது முழங்கையில, நீங்க பார்க்கச் சொல்றது மண்டையையா?"ன்னு கேட்டேன். பக்கத்தில் இருந்த உன் அக்கா, "உள்ள ஏதாவது இருந்தா எனக்கும் சொல்லுங்க டாக்டர்"ங்கறா. உங்க குடும்பப் புத்தி எங்கே போகும்!

மனசு டாக்டரம்மா சின்ன வயசு. "அரிக்கும்போது என்ன நினைப்பீங்க?"ன்னு கேட்டாங்க. "அரிக்குதுன்னு நினைப்பேன்"னேன். சிரிக்கவே இல்லை, எழுதிக்கிட்டாங்க. அப்புறம், அரிப்பு வந்தா சொறியாம ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கணும், அது அடங்கற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு ஒரு பயிற்சி. நான் வேலை பார்க்கற துணிக்கடையில ஒரு ஆள் திரைச்சீலைத் துணிக்குப் பேரம் பேசிக்கிட்டு இருக்கார், அந்நேரம் பார்த்து எனக்கு அரிக்குது. ரெண்டு முஷ்டியையும் மடக்கிக்கிட்டுப் பல்லைக் கடிச்சு அவரையே பார்த்தேன். மனுஷன் சொன்ன விலைக்கே வாங்கிட்டு ஓடிட்டார். "இந்த வைத்தியத்தை நம்ம கடைப் பசங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுய்யா"ங்கறார் முதலாளி.

இது போதாதுன்னு, வாராவாரம் தோல் தொந்தரவுள்ள ஆறேழு பேர் வட்டமா உட்கார்ந்து பேசணும். ஒருத்தர் சொறிஞ்சாப் போதும், கொட்டாவி மாதிரி வட்டத்தையே சுத்தி வந்துடுது. ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவுக்கு முகத்துல வெள்ளைத் திட்டு. அதுக்கு அரிப்பே கிடையாது, அவங்களும் சேர்ந்து சொறியறாங்க!

அங்கேதான் உண்மையைக் கக்கினேன். உதிர்றது பளிச்சுனு தெரியும்னு நான் இத்தனை வருஷமா யாருக்கும் கறுப்புத் துணியே விரிச்சுக் காட்டினதில்லை. கேட்டா "ஸ்டாக் இல்லை"ம்பேன். இந்த ஊர்ல கறுப்பு உடுத்தற ஆளே இல்லைன்னு முதலாளி நம்பிட்டார், பாவம். டாக்டரம்மா, "ஒரு தடவை விரிச்சுக் காட்டுங்க, என்ன நடக்கும்னு நினைக்கறீங்க?"ன்னாங்க. "அலறிட்டு ஓடுவாங்க"ன்னேன். விரிச்சேன். உதிர்ந்தது. வந்த அம்மா குனிஞ்சு பார்த்தாங்க, உஃப்னு ஊதித் தள்ளிட்டு, "சாயம் போகுமா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் மச்சான்! கட்டிக் காத்த ரகசியத்தை ஊதிவிட்டுட்டுச் சாயத்தைப் பத்திக் கேட்கறாங்களே, எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவமானமாப் போச்சு.

ஆனா அது கடை. வந்தவங்க யாரோ. கல்யாணத்துக்கு வர்றது சொந்தக்காரங்க. போன விசேஷத்துல உன் பெரியப்பா எனக்குக் கை கொடுத்துட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கைக்குட்டையில துடைச்சார். நான் பார்த்தேன், சிரிச்சு மழுப்பிட்டேன். உன் பொண்ணு நல்ல நாள்ல அதைப் பார்த்துட்டா அவளால சிரிச்சு மழுப்ப முடியாதுடா. மாமான்னா அவளுக்கு உசுரு. அதனால எனக்குக் கடையில லீவு கிடைக்கலைன்னு சொல்லிடு. மனசு வைத்தியமும் போதும், நிறுத்திடப் போறேன்.

மணமக்கள் தினம் சண்டை போட்டு, தினம் சமாதானமாகி, பல்லாண்டு வாழட்டும். உன் மனைவியை நான் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்டதாக நீயே சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
வராத அத்தான்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். அவங்க வட்டத்துல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுட்டாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. லீவு கிடைக்கலைங்கற இடம் வந்ததும் டீச்சரம்மா கடிதத்தை மடிச்சு மடியில வெச்சுட்டாங்க. "என் தங்கச்சி கல்யாணத்துக்கு நானும் இதேதான் எழுதினேன். அப்புறம் அவ கல்யாண ஆல்பம் அனுப்பியிருந்தா. அதுல எல்லாரும் இருந்தாங்க, நான்தான் இல்லை"ன்னாங்க. யாரும் சிரிக்கலை. திரும்பற வழியில நேரா டிக்கெட் எடுத்துட்டேன். இன்னொரு கடிதம் எழுத எனக்குப் பொறுமை இல்லை, இதையே அனுப்பறேன். ரெண்டு நாள் முன்னாடியே வர்றோம். மண்டப வாசல் என்னுது. கை கொடுக்கறவங்களுக்கு ஒரு கை கொடுப்பேன். உன் பெரியப்பாவுக்கு மட்டும் கட்டிப்பிடி வைத்தியம்.